எள்

ஃபோர்ட்டில் பேரீச்சம்பழக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
கம்பிக் கதவை இழுத்துச் சாத்தாவிட்டால் லிஃப்ட் நகராது.
ஃப்ரேனி மிஸ்திரியின் அறையில் இரண்டு நாற்காலி,
நடுவே ஒரு மேசை, மின்விசிறி, தண்ணீர்.
வெள்ளைப் பலகை இல்லை. அதுவே எனக்கு முதல் ஏமாற்றம்.

மணிக்கு ஒன்பதாயிரம்,
அதற்கு மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி.
கம்பெனிதான் கட்டுகிறது. ஆனாலும் நான்
ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்,
கொடுத்த காசுக்குக் கையில் ஏதாவது வேண்டும்.
"என்ன செய்யட்டும், சொல்லுங்கள்" என்றேன்.
சொல்லவில்லை.

சொன்னவர்கள் உண்டு.
போன வருடம் கன்சல்டன்ட் பையன்கள் மூவர் வந்து
எண்பத்து நான்கு ஸ்லைடு போட்டார்கள்.
பிவண்டி கிடங்கின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது
அதில் இல்லை.
எனக்கு வேலை பழக்கிய அச்சுதன் நாயர் சார்
மாட்டுங்காவில் காபி வாங்கித் தந்து
லாரி ஸ்டிரைக்கைத் தான் முறித்த கதையைச் சொன்னார்,
ஐந்தாம் முறையாக.
நல்ல கதை. செருப்பு அவர் அளவு.
தூக்கம் போன மாதங்களில் செம்பூர் டாக்டர்
அப்பாவைப் பற்றிக் கேட்டார். அழுதேன். தூக்கம் வந்தது.
நன்றி உண்டு. அது வேறு கணக்கு.

இந்த அம்மாள் கேட்டது:
"இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது யார்?"

பாட்கர். நைட் ஷிஃப்ட்.
கம்ப்ரெஸர் நின்றால், டீசல் தீர்ந்தால்,
டிரைவர் ஒருவன் கோபித்துக்கொண்டு போனால்.
"அவர் சொல்லி முடிப்பதற்குள் பதில் கொடுத்துவிடுவேன்."
பெருமையாகத்தான் சொன்னேன்.
"எங்கள் பாஷையில் ஒன்று உண்டு,
எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் என்று. அது நான்."

அவருக்குத் தமிழ் தெரியாது.
ஆங்கிலத்தில் எடுத்து வைத்தேன்: எள், செக்கு, எண்ணெய்.
பேச்சு வெறும் பொருள்களாகிவிட்டது,
மேசைமேல் கொட்டிய மளிகை மாதிரி.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தவர்
குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்:
"அப்படியானால் மற்றவர்கள் எள்ளைத் தொடுவது எப்போது?"

ஒன்பதாயிரத்துக்கு இதுவா.
ஹார்பர் லைனில் காட்டன் கிரீன் வரை
மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.
சிவ்ரியில் திட்டு தீர்ந்துவிட்டது.

பதினோரு நாள் கழித்து, மழை, இரண்டே கால் மணி.
"மேடம், மூன்றாம் அறை மைனஸ் பன்னிரண்டுக்கு ஏறிவிட்டது."
நாக்கு நுனியில் பதில் தயார்:
தாணே மெக்கானிக், பச்சை டைரி, நான்காம் பக்கம்.
"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், பாட்கர்?"

அந்த முனையில் மழை மட்டும்.
ஏழு வருடத்தில் நான் அவரிடம் கேட்டிராத கேள்வி அது என்பது
அந்த மௌனத்தின் நீளத்தில் தெரிந்தது.
வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்த வந்தது.
பிறகு அவர் மராத்தியில், மெதுவாக,
பக்கத்துக் கம்பெனிக் கிடங்கில் இடம் காலி என்றார்,
அங்கே வாட்ச்மேன் தன் மச்சான் என்றார்,
தடுப்பு மருந்தை முதலில் மாற்றுவோம்,
ஐஸ்கிரீம் போனால் போகட்டும் என்றார்.

அப்படி ஒரு மச்சான் இருப்பதே எனக்குத் தெரியாது.

விடிவதற்குள் நாற்பது பெட்டி மாம்பழ ஐஸ்கிரீம்
சாக்கடைக்கு ஓடியது. மருந்து பிழைத்தது.
என் வழியில் இரண்டும் பிழைத்திருக்கலாம்,
இரண்டும் போயிருக்கலாம்.
இயக்குநர்கள் முன்னால் நாற்பது பெட்டிக்கு
நான்தான் பதில் சொன்னேன்.

அடுத்த மாதம் எல்லாவற்றையும் ஃப்ரேனியிடம் கொட்டினேன்.
சபாஷுக்குக் காத்திருந்தேன்.
கீழே யாரோ பேரீச்சம்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் பேசத் தொடங்கும்வரை
உங்கள் கைகள் எங்கே இருந்தன?"

ஒன்று போனில்.
மற்றது
என் வாயின் மேல்.