செவ்வாய்க்கிழமைப் பனி

உம்மன்னாக்கில் சூரியன் வராத மாதம்.
ஊரிலிருந்து வெளியே போக ஒரே வழி
செயற்கைக்கோள்.
ஒவ்வொரு மெகாபிட்டுக்கும் பில் வரும்.

அதனால் ரூட்டரில் ஒரு விதி எழுதினேன்:
எண்பதாம் வாசலுக்குப் போகிற எதுவும்
முதலில் பக்கத்து அலமாரிப் பெட்டியைத் தட்டட்டும்.
ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியதில்லை என்பதைச் சொல்லித்தான்
பெட்டியை விற்றார்கள்.

பத்து நொடிக்கு ஒருமுறை பெட்டி சொல்லும்:
இருக்கிறேன்.
ரூட்டர் சொல்லும்: தெரிகிறாய்.
என் வீட்டில்கூட இவ்வளவு பேச்சு கிடையாது.

பில் பாதியானது.
பள்ளிப் பிள்ளைகள் ஒரே திமிங்கிலத்தை
நாற்பது முறை திறந்தார்கள்;
அது வானம் ஏறி இறங்கியது ஒருமுறைதான்.

வியாழன் காலை இனூராக் வந்தான்.
இடுப்புவரை நனைந்து, நனைந்தது உறைந்து,
நடக்கும்போது கால்சட்டை தகரம்போல் சத்தமிட்டது.
வண்டி நாய்களில் இரண்டு இல்லை.

மேஜையில் ஒரு தாளை விரித்தான்.
இங்கேதான் அச்சடித்த பனிப்படம்:
வளைகுடா முழுக்க வெள்ளை. கெட்டி. போகலாம்.
மூலையில், எறும்பளவு எழுத்தில், செவ்வாய்.

திட்டவில்லை.
"கடல் மாறிவிட்டது,
படத்துக்கு யாரும் சொல்லவில்லை போல" என்றான்.

இருக்கிறேன்.
தெரிகிறாய்.

அவன் போகுமுன்பே
பழைய விதிக்கு மேலே புதிய விதி எழுதினேன்,
பனிப்படத்தின் முகவரிக்கு மட்டும்:
நிறுத்தாதே, நேரே விடு,
எத்தனை முறை கேட்டாலும், என்ன செலவானாலும்.

விதிக்கு ஒரு பெயர் வேண்டும் என்றது ரூட்டர்.

திரும்பி இனூராக்கிடம் கேட்டேன்,
முன்னால் ஓடிய நாயின் பெயரை.
எழுத்துக்கூட்டிச் சொன்னான்.