ஏழாம் கேள்வி

ஒரு குப்பியில் அமுக்கராப் பொடி,
இன்னொன்றில் மரவள்ளி மாவு.
எதில் எது என்று எனக்கும் சொல்லவில்லை.
பர்கூர்ப் பக்கம் நாற்பத்தொரு ஆண்கள்,
மாதம் ஒருமுறை படிவம்.

ஏழாம் கேள்வியை மட்டும்
பேனாவைப் பார்த்தபடியே கேட்பேன்.
கடந்த நான்கு வாரங்களில் ஆசை?
எப்போதும். சில நேரம். இல்லை.
கிரானைட் தூசு படிந்த விரலால்
மூன்றாவதைத் தொட்டார் திம்மராயன்.

மூன்றாம் மாதம் கதவு திறந்தது சாக்கம்மா.
"குப்பி தீந்துபோச்சு, இன்னொன்னு கெடைக்குமா?"
கேட்டுவிட்டு அவளே சிரித்து
உள்ளே ஓடினாள்.

கிருஷ்ணகிரியில் சங்கேதம் பிரித்த அன்று தெரிந்தது:
அவருக்குப் போனது மாவு.

அமுக்கராவும் தோற்கவில்லை,
கொஞ்சம் முந்தியிருந்தது;
நாற்பத்தொரு பேரை வைத்துச்
சத்தியம் பண்ண முடியாத கொஞ்சம்.
அறிக்கையில் அப்படித்தான் எழுதினோம்.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று
இரண்டு கோடு இருக்கும்.
திம்மராயன் தாளில் என் கிறுக்கல்:
இரண்டாம் மாதத்திலிருந்து பகல் ஷிப்ட்.
வட்டிக்கடன் அடைந்தது.
பொடியைப் பாலில் கலக்குவது மனைவி,
குடித்து முடிக்கும்வரை
பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கணினியில் ஏற்றும்போது
குறிப்புகளை விட்டுவிடச் சொன்னார்கள்.
விட்டுவிட்டேன்.