இருபத்திரண்டாம் சென்டிமீட்டர்

மார்ச். ஹௌகிலம்பி ஏரியின் மேல்
பனிக்கட்டி ஒன்றரை அடி.
துளையிட்டது டௌனோ. ஏரிக்கரை அவருடையது,
புகாரும் அவருடையது:
"பீட் மண் வெட்டும் கம்பெனி வந்த பிறகுதான்
என் தண்ணீர் காப்பியாயிற்று."

குழாயை இறக்கினோம். மேலே வந்தது
ஒரு முழம் இருட்டு,
கொஞ்சம் அழுகிய முட்டை நாற்றம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆய்வகத்தில் வில்லை வில்லையாய் அரிந்தோம்.
காரத்தில் ஓர் இரவு ஊறினால் சேறு வாய் திறக்கும்,
நைட்ரஜன் போர்வைக்குள்.
காற்றுப் பட்டால் பேச்சை மாற்றிவிடும்.
வடித்த கறுப்பில் அமிலம் சொட்டச் சொட்ட
ஹியூமிக் அமிலம் பயந்ததுபோல் திரண்டு
அடியில் போய் உட்கார்ந்தது.
பயப்படாதது மேலே, மஞ்சளாய்: ஃபுல்விக்.
இரண்டுக்கும் மசியாதது ஹியூமின்.
அதை அட்டவணையில் 'மீதி' என்று போடுவோம்.
பாதிக்கு மேல் அதுதான். யாரும் கேட்பதில்லை.

பதினான்காம் வில்லையில் சீசியம்,
எண்பத்தாறில் செர்னோபில் மேகம்
குத்திவிட்டுப் போன தேதி முத்திரை.
கம்பெனி வந்தது தொண்ணூற்றொன்றில்.
ஆக, பன்னிரண்டுக்கு மேல்தான்
மரத்தின் சாயல் ஏற வேண்டும்.

ஏறியது.
ஆனால் அங்கே தொடங்கவில்லை.

இருபத்திரண்டு.
ஸிர்பா கருவியை நிறுத்தி மறுபடி ஓட்டினாள்.
நான் கரைசலைப் புதிதாய்க் கலந்தேன்.
இருபத்திரண்டு.
அதற்குக் கீழே ஏரி தானே வளர்த்த பாசி, வெளிறிய பழுப்பு.
அதற்கு மேலே லிக்னின், லிக்னின்,
சதுப்பைக் கிழித்து ஓடிவந்த பைன் வேர்களின் மட்கு.
கணக்குப்படி அறுபத்தைந்தாம் ஆண்டு.

தொலைபேசியில் சொன்னேன்.
மறுமுனையில் நெடுநேரம்
குளிர்பெட்டியின் முனகல் மட்டும்.

"அந்த வருஷம்தான் காட்டை வடிக்க
வாய்க்கால் வெட்டினோம்.
மீட்டருக்கு இவ்வளவு என்று அரசாங்கக் காசு.
எனக்குப் பதினாறு வயது.
மேற்கு வாய்க்கால் முழுக்க என் மண்வெட்டி.
நூல் பிடித்ததுபோல் இருக்கும், போய்ப் பாருங்கள்."

அறிக்கையில் கம்பெனியின் பங்கை எழுதினேன்,
குறைக்காமல். வாய்க்காலையும் எழுதினேன்.
வெட்டியவர் யார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

இன்று காலை அவரே அழைத்தார்.
பனி உருகுமுன் இன்னொரு துளை போடலாமா,
மேற்கு வாய்க்கால் வந்து விழும் இடத்தில்?
துளைக்கருவியைத் தீட்டிவிட்டாராம்.
காப்பியும் அவரே கொண்டுவருவாராம்.