ஒரு நிமிஷம் பன்னிரண்டு செக்கன்

ஏழாம் நம்பர் மலையில், பீலிக்கு மேலே,
பழைய துரைமார் கல்லறைச் சுவரில் ஏறி நின்றால் மட்டும்
இரண்டு கோடு சிக்னல் வரும்.
எங்கள் சபையின் மேல்வீட்டறை அதுதான்.

குழுவில் முப்பத்தொரு பேர்.
போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறு
பொகவந்தலாவையிலிருந்து பஸ் பிடித்து வருவார்,
பாதையில் மண் சரியாமல் இருந்தால்.
மற்ற நாட்களில் வேதம் என் போன் வழியாகத்தான் போகும்.
மாற்கு சுவிசேஷம், தினம் பத்து வசனம்,
என் கரகரத்த தொண்டையில்.
பதிலுக்கு வரும் குரல் ஜெபங்களை
ராத்திரி உட்கார்ந்து துப்புரவு பண்ணி
மறுபடி குழுவில் போடுவேன்.

அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது.
நாய் குரைத்தால் அழிக்கும்.
இருமல், தகரத்து மழை,
பக்கத்துக் காம்பராவின் நாடகச் சத்தம்
எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு
குரலை மட்டும் மிச்சம் வைக்கும்.
எனக்கு அது பிடித்துப்போனது.
ஃபெக்டரியில் சல்லடைக்கு முன்னால் நிற்கிறவன் நான்,
காம்பு வேறு தூள் வேறு என்று பிரித்தே
கை பழுப்பேறியவன்.

ஒரு வியாழக்கிழமை
ஞானப்பூ அக்கா அனுப்பியது ஒரு நிமிஷம் நாற்பது.
"ஸ்தோத்திரம் ஆண்டவரே.
எம் மகன் டிலக்சன்…"
அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு திரையில் கோடு
செத்த பாம்பு மாதிரி நேராகக் கிடந்தது,
ஒரு நிமிஷம் பன்னிரண்டு செக்கன்.
கடைசியில் "ஆமென்."

விரல் எடுக்க மறந்திருப்பார் என்று வெட்டினேன்.
ஒட்டின இடம் தெரியாமல் ஒட்டவும் தெரியும் எனக்கு.
மகன் பெயர், உடனே ஆமென்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.
மஞ்சள் நிறக் கூப்பிய கைகள் இருபத்தெட்டு வந்தன.

விடியப் பெரட்டுக்குப் போகிற வழியில்
இடுப்பில் படங்கைச் சுற்றியபடி நின்றார்.
கோபமில்லை. சம்பளக் கணக்கில் ஒரு நாள் பேர் விழாவிட்டால்
கிளாக்கரிடம் கேட்கிற அதே குரல்:
"தம்பி, ஏன் ஜெபத்துல நடுவுல இருந்தத என்னா செஞ்ச?"
"அதுல ஒண்ணுமே இல்லியேக்கா."
"நாந்தான் பேசல."
கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார்.
"மடுவத்துலதான் தண்ணிக்கின்னு ரெண்டு கிலோ
வெட்டிப்புட்டு எழுதுறானுக.
நீயுமா?"

அன்றிரவு வெட்டாத பதிவைக்
காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு தகரத்தில் மழை, அழுத்தமில்லாமல்.
பதினேழாவது செக்கனில் ஒரு தட்டு தரையில் வைக்கப்படுகிறது.
இருபத்தொன்றில் இன்னொரு தட்டு.
தனியாக இருக்கிற வீட்டில் எதற்கு இரண்டு?
கொழும்பில் கடைக்குப் போனவன்
நாலு மாதமாய்ப் போன் எடுக்கவில்லை என்று
லயம் முழுக்கத் தெரியும்.
நாற்பத்தெட்டில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.
அறுபதில், பிழிந்த துணியை உதறுவதுபோல
ஒரு மூச்சு.
அதை எந்த வசனத்தில் வைப்பேன்?

மறுநாள் வேலை விட்டதும் சுவரேறி
முழுசாக அனுப்பினேன்.
மன்னிப்பும் சேர்த்து எழுதினேன், பிறகு அழித்தேன்.
அதுவும் சத்தம்தான்.

குவைத்திலிருந்து சலோமி.
வீட்டுக்காரம்மா தூங்கின பிறகு
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள்;
குரல் ஓட்டில் பட்டுத் திரும்புகிறது:
"அண்ணே, அது எந்த லயத்து மழ?
நம்ம அஞ்சாங் காம்பரா தகரமா?
இனிமே கிளீன் பண்ணாதீங்க.
இங்க எல்லாமே கிளீனாத்தான் இருக்கு."

இன்றைக்கு வந்தவை ஒன்பது.
ஒன்றில் கோழி. ஒன்றில் குடித்துவிட்டு வந்த யாரோ.
ஒன்றில் டேட்டா தீர்ந்து பாதியில் அறுந்த பரமண்டல ஜெபம்,
"எங்களுக்கு இன்று" வரைக்கும்.

எதையும் தொடவில்லை.
அனுப்புகிற வட்டம் சுற்றிச் சுற்றி நிற்கிறது.
மூடுபனி பீலிவரை இறங்கிவிட்டது.
போனை உயர்த்திப் பிடித்தபடி
சுவர்மேல் நிற்கிறேன்,
நானும் ஒன்றும் பேசாமல்.