டயர்க் கடைக்கு மேலே

பலகை கிடையாது.
சுங்கை டுவா சாலையில், பல்கலைக்கழகப் பின்வாசல் தாண்டி,
டயர்க் கடைக்குப் பக்கவாட்டில்
செங்குத்தாய்ப் பத்தொன்பது படிகள்.
பத்தாவதிலிருந்து செருப்புகள் தொடங்கும்.
அதுதான் அடையாளம் என்றார்கள்.

முதல் செமஸ்டரில் மூன்று இடம் பார்த்தேன்.
ஜார்ஜ்டவுனில் ஒன்று. விளக்குகள் நிறம் மாறின,
மேடையில் புகைகூட வந்தது.
வாசலில் ஒரு பெண் படிவம் நீட்டினாள்:
பெயர், தொலைபேசி, இரட்சிக்கப்பட்ட தேதி.
தேதிக்கு எட்டுக் கட்டங்கள்.
பிறந்த தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு
மழையில் பஸ்ஸுக்கு ஓடினேன்.

வளாகத்துக்குள் ஒன்று.
வட்டமாய் உட்கார்ந்து
ஒவ்வொருவராய் ஆங்கிலத்தில் அழுதார்கள்.
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்
அமிலத்தின் செறிவைச் சொல்லலாம், அழ முடியாது.
"ஐ ஆம் ஃபைன்" என்றேன்.
கைதட்டினார்கள்.

மூன்றாவதைப் பற்றி வேண்டாம்.
சாப்பாடு நன்றாக இருந்தது.

பிறகுதான் இந்தப் படிகள்.
ஞாயிறு மாலை நான்கு மணி,
இருபத்தாறு நீல நாற்காலிகள்.
ஜெபத்தின் நடுவே
கீழே காற்றடிக்கும் இயந்திரம் உஸ்ஸென்று தொடங்கும்.
பாஸ்டர் ஞானாபரணம் நிறுத்துவார்.
ஒரு லாரிச் சக்கரம் நிறையும்வரை பொறுத்திருந்து
விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.
கீபோர்டில் நடுக்கட்டை ஒன்று பேசாது;
அது வரும் இடத்தில் மட்டும்
ரீத்தாம்மாள் கொஞ்சம் உரக்கப் பாடுவார்.

பின்வரிசையில், சுவரோரம், சைலஸ் அண்ணன்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
பிரசங்கம் தொடங்கி ஐந்தாம் நிமிடம் தூங்கிவிடுவார்,
கைகள் மடியில் விரிந்து,
யாரோ எதையோ வைக்கப்போவதுபோல.
சிரிப்பார்கள் என்று பார்த்தேன்.
ஒரு சிறுமி எழுந்துபோனாள்.
சுழன்றுகொண்டிருந்த விசிறியை
அவர் பக்கம் திருப்பி, நிற்கவைத்துவிட்டு,
வியர்வையோடு தன் இடத்துக்குத் திரும்பினாள்.

அன்று என்ன பிரசங்கம், நினைவில்லை.
அடுத்த ஞாயிறும் போனேன்,
விசிறி எந்தப் பக்கம் பார்க்கிறதென்று பார்க்க.

சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா போனில் கேட்பாள்,
"சபை கெடைச்சிச்சா?"
வாடகை அறை கிடைத்ததா என்கிற குரலில்.
கிடைத்தது என்பேன்.
"நல்ல சபையா?"
ஒரு விசிறியை எப்படிப் போனில் விளக்குவது.

நம்புகிறேனா என்று கேட்டால்,
நவம்பரில் நம்பினேன்.
ஜனவரியில், ஆய்வகத்தில், இரவு பதினொன்றுக்கு,
நிறம் மாறவேண்டிய திரவம் மாறாமல் நின்றபோது
வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தேன்.
பதில் இல்லை.
திரவத்திடமிருந்தும்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு
மூன்று இரவு மூடாத கண்களோடு படியேறினேன்.
முதல் பாட்டு நினைவிருக்கிறது.
இரண்டாவதில் பாதி.

விழித்தபோது ஜன்னலில் இருட்டு.
கீழே கடை அடைத்திருந்தார்கள்;
அந்த அமைதிதான் எழுப்பியிருக்கவேண்டும்.
இருபத்தைந்து நாற்காலிகள் அடுக்காகச் சுவரோரம்.
இருபத்தாறாவதில் நான்.
விசிறி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
காலடியில் தாப்பாவ் பொட்டலம், மீ கோரெங்,
ரப்பர் பேண்டில் செருகிய சீட்டில்
காரம் கம்மி என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

பாதிப் படியில் சைலஸ் அண்ணன்,
தொழிற்சாலைச் சட்டையோடு,
சாவிக்கொத்தை விரலில் சுற்றியபடி.
ஷிஃப்ட் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மேல ஃபேன அடைச்சியா?" என்றார்.

அடைக்கவில்லை.
திரும்ப ஏறினேன்.
பித்தானை அழுத்திவிட்டு
இறக்கைகள் முழுக்க நிற்கும்வரை, ஏனோ, நின்றேன்.
பிறகு என் நாற்காலியைத் தூக்கி
மற்றவற்றின் மேல் வைத்தேன்.