கொஞ்சம்தான்

ரியோனி ஆற்றங்கரை உணவகத்தில்
பரிசாரகன் கேலாவிடம்
நான்காவது முறையாகச் சொல்கிறேன்:
எனக்கு அக்ரூட் ஆகாது.

"கத்தரிக்காயில் கொஞ்சம்தான் இருக்கும்," என்கிறான்.
கோழிக் குழம்பில்?
"அரைத்து விடுவோம். இருப்பதே தெரியாது."
கீரையில்?
என்னை விநோதமாகப் பார்க்கிறான்.
"கீரை என்றாலே அக்ரூட்தானே."

குடாய்சியில் பிறந்தவளுக்கு
அக்ரூட் ஆகாமல் போவது
உப்பளத்தில் பிறந்தவளுக்கு
உப்பு ஆகாமல் போவது மாதிரி.
பள்ளிக்கூடத்தில் என் பெயர் நதேலா இல்லை,
'பாவம்'.

அளவுக்கு மிஞ்சினால்தான் அமுதும் நஞ்சாம்.
அந்தச் சலுகைகூட எனக்கு இல்லை.
கத்தி நுனியில் ஒட்டிய பொடி போதும்.
ஒன்பது வயதில்
என் அத்தையின் கல்யாணத்தை
ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு மாற்றியது அதுதான்.
வெள்ளை உடையோடு பெஞ்சில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றிக்
குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
என்மேல் கோபமில்லை என்றாள்.
இருந்தது.

இன்று ஓதாரின் அலுவலக விருந்து.
பதினோரு பேர்.
ஜூராப் எழுந்து நின்று
சமாதானத்துக்கு ஒரு குவளை,
செத்துப்போனவர்களுக்கு ஒரு குவளை,
பிறக்கப்போகிறவர்களுக்கு ஒன்று.
துடைத்து வைத்த என் தட்டில்
கூரை விளக்கு தெரிகிறது.
மடியில் கைப்பை. அதற்குள் ஊசி.
"என்ன, பத்தியமா?" என்கிறாள்
கணக்குப் பிரிவு எலிசோ.
ஆமாம் என்கிறேன். அது சுலபம்.

அப்போதுதான் சமையலறைக் கதவு திறந்தது.
முழங்கை வரை கழுவிய ஈரத்தோடு
லமாரா வந்து நின்றாள்.

"பொய் சொல்ல மாட்டேன், பெண்ணே.
உனக்கு இங்கே சாப்பாடு இல்லை.
என் பலகையில் இருக்கிறது, உரலில் இருக்கிறது,
முப்பது வருஷமாய் அரைத்த
இந்த விரல் இடுக்கில் இருக்கிறது.
கழுவிவிட்டேன். ஆனாலும் நம்பாதே."

எத்தனை கடைகள்
எனக்குச் சரி, சரி என்றிருக்கின்றன!
அந்தச் சரிகளில் இரண்டு
தொண்டையை அடைத்தன.
இல்லை என்று சொன்னது இவள்தான் முதலில்.
எழுந்து கட்டிக்கொள்ளத் தோன்றியது.
அவளே ஓர் எட்டு பின்னால் போனாள்.

கேலா எதிர்க்கடைக்கு ஓடினான்.
தேநீர்க் கெண்டியில் வெந்து வந்தன
மூன்று முட்டைகள், ஓட்டோடு.
புதுக் காகிதத்தில் மடித்த உப்பு.
நீயே உரி என்று
தூரத்திலிருந்து லமாரா சைகை.

கோழிக்குப் பிறகு
யார் கையும் உள்ளே படாத சாப்பாடு.
மோதிரத்தில் தட்டி உடைக்கிறேன்.
அந்தச் சத்தத்தில்
ஜூராப்பின் பேச்சு அறுந்துபோகிறது;
கையில் தூக்கிய குவளை
எதற்காக என்பது
ஒரு கணம் அவருக்கு மறந்துவிடுகிறது.

திரும்பும் வழியில் பாலம்.
ஓதார் இரண்டு கை தள்ளி நடக்கிறான்.
கோழிக் குழம்பை
மறுமுறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்.
சாப்பிடு என்று நான்தான் சொன்னேன்.
சொன்னேனே தவிர,
அவன் தட்டை வழித்த விதம் பிடிக்கவில்லை.
விடிந்து பல் துலக்கும் வரை முத்தமில்லை.
பாலத்தின் நடுவில் நின்று
உள்ளங்கையில் ஒன்று கொடுத்து
அதை ஆற்றில் போடுகிறான், கிறுக்கன்.

"மூன்றையும் சாப்பிட்டாயா?"

ஒன்று பையில் இருக்கிறது,
ஊசிக்குப் பக்கத்தில்,
இன்னும் சூடாக.