திருப்பி அனுப்பக் காரணம்

வால்பராய்சோவில் தெருக்கள் படுத்திருப்பதில்லை,
ஏறுகின்றன.
தகரச் சுவர் வீடுகளுக்கு நடுவே
மஞ்சள், நீலம், உரிந்துபோன சிவப்பு என்று
படிக்கட்டே தெருவாகி, முகவரியாகி
கடைசியில் என் முழங்கால் வலியாகிறது.

பதினோரு வருடமாகத் தபால் பை சுமக்கிறேன்.
இந்த மலையின் நாய்களை
வீட்டு எண்களைவிட நன்றாகத் தெரியும்.
ரொட்டிக்கடைக் கறுப்பனுக்கு வலது காது கேட்காது,
இடப்பக்கமாக, குரல் கொடுத்துத்தான் கடக்க வேண்டும்.
மீன் வண்டிக்குப் பின்னால் போகிற மூன்றும்
சேர்ந்திருந்தால்தான் வீரர்கள்.
தனியாக மாட்டினால்
வணக்கம் வைக்காத குறை.

இன்று திருப்பத்தில் நின்றதை
எனக்குத் தெரியாது.

சாம்பல் நிறம். ஒடிசல். குரைக்கவில்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
வாய் இறுக மூடியிருந்தது,
முதுகு மயிர் ஒரு கோடாக எழுந்திருந்தது.
வால் ஆடியது உண்மைதான்,
ஆனால் மேலே விறைத்து, கடிகார முள் மாதிரி
சின்னச் சின்ன வெட்டாக.
வாலாட்டினால் நட்பு என்று நம்பிக் கை நீட்டிய ஓஸ்வால்தோ
இன்றைக்கும் மூன்று விரலால்தான்
முத்திரை குத்துகிறான்.

குரைக்கிற நாய் கடிக்காதாம்.
இங்கேயும் சொல்கிறார்கள், ஸ்பானிஷில்.
பழமொழிக்குக் கெண்டைக்கால் கிடையாது.
எனக்கு இருக்கிறது,
இடது காலில், நான்கு வெள்ளைப் புள்ளிகளோடு.
வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம்
ஓடினேன்.
ஓடுகிற காலை
நாய் ஒரே விதமாகத்தான் படிக்கும்.

ஆகவே நின்றேன்.
தோளைத் திருப்பிப் பக்கவாட்டில்,
பையை இழுத்து முன்னால்,
விரல்களை மடக்கிப் பையின் மேல்.
அதன் கண்ணைப் பார்க்கவில்லை.
அதன் முன்னங்காலுக்குப் பக்கத்தில்
துருவேறிய சோடா மூடி ஒன்று கிடந்தது.
இருபத்தொரு பற்கள் அதற்கு. எண்ணினேன்.
மூச்சை அடக்காதே என்று எனக்கே சொன்னேன்,
அடக்கினால் பிறகு
பெரிதாக வெளியே வரும்.

"யாஸ்னா! ஒன்றும் செய்யாது, மேலே வா!"
நாற்பத்தேழாம் எண் கதவிலிருந்து ரிகோபெர்த்தோ.
என்னைக் கடித்தவை இரண்டு.
இரண்டுக்கும் முன்னால்
இதே வாக்கியத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
"உங்கள் நாயா?" என்றேன், உதடு அசையாமல்.
"இல்லை. நேற்று வந்தது."
"அப்படியானால் நீங்கள் இறங்கி வாருங்கள்."
செருப்பை மாட்டி ஒரு படி இறங்கினார்.
அது தலையை மட்டும் அவர் பக்கம் திருப்பியது.
அவரும் ஒன்றும் செய்யவில்லை.

அப்போதுதான் கேட்டது.
படிக்கடியில், உடைந்த பலகைக்குப் பின்னால்
ஈரமாய், ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற சத்தம்.
பிறகுதான் தொங்கும் முலைகளைப் பார்த்தேன்.
இவ்வளவு நேரம்
பல்லிருக்கும் பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

வழி கேட்டு நின்றவள் நான்தான்.
அது வீட்டில் இருந்தது.

முதுகு காட்டாமல் இறங்கினேன்.
குதிகாலால் தடவி ஒரு படி,
நின்று,
இன்னொன்று.
எட்டாவது படியில்
அதன் முதுகுக் கோடு கலைந்து மயிரானது.
பன்னிரண்டாவதில் அது உட்கார்ந்தது.
எனக்கு அப்புறம்தான் கால் நடுங்கியது.
கைப்பிடிக் கம்பியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்,
யாரும் பார்க்கவில்லை.

கடிதம் புந்தா அரேனாஸிலிருந்து,
பேனாவால் எழுதிய முகவரி.
சேர்க்காத கடிதத்துக்கு ஒரு படிவம் உண்டு.
ஆள் இல்லை. வீடு மாறிவிட்டார்.
வாங்க மறுத்தார். நாய்.
நான்காவது கட்டத்தின் மேல் பேனா நின்றது.
அங்கே குறி போட்டால்
யாராவது கயிறோடு ஏறுவார்கள்.

கீழே, 'பிற' என்ற இடத்தில்
பிரசவம் என்று எழுதினேன்.

ஓஸ்வால்தோ இரண்டு தடவை படித்தான்.
"யாருக்கு?"
"நாற்பத்தேழுக்கு முன்னால்" என்றேன்.
"ரிகோபெர்த்தோவிடம் சொல்,
பலகைப் பக்கம் ஆறு வாரம் போகவேண்டாம், பாலும் வைக்கவேண்டாம்,
தூரத்தில் தண்ணீர் போதும்."

நாளை மறுபக்கப் படிக்கட்டு.
தொண்ணூற்று நான்கு படி கூடுதல்.
அங்கே இருப்பவை யார் யாரென்று
இனித்தான் தெரியவேண்டும்.